இடது பக்கத்து சீட்

சாகண் தொழிற்பேட்டையில் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில், சாப்பாட்டுத் தட்டோடு மேசையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது பவுன் கீழே விழுந்தாள். விழுந்தது அவளுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது தரையெல்லாம் பருப்பு சிந்திக் கிடந்தது. நாக்கின் ஓரம் கடிபட்டு வாயில் ரத்தம் கரித்தது. சுற்றிலும் ஏழெட்டு முகங்கள். அவளோடு தரச்சோதனைப் பிரிவில் இருக்கும் சுனில் தன் ஜாக்கெட்டை மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்திருந்தான்.

"மேடம், ஆராம் ஸே, ஆராம் ஸே" என்று பதறாமல் இருக்கச் சொன்னான்.

"என் காடி எங்க?" என்றாள் பவுன். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. தமிழில் கேட்டதால் சுனிலுக்குக் காடி என்ற சொல் மட்டும் புரிந்தது. வண்டி பார்க்கிங்கில் பத்திரமாக இருக்கிறது என்று இந்தியில் சொன்னான். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். யாரும் விடவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி ஔந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்த பிறகு, நரம்பியல் டாக்டர் வைஜயந்தி அவளையும் அவள் கணவன் ஜெகதீசனையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். வந்தது வலிப்பு. மூளையில் கட்டி எதுவும் இல்லை. காரணம் தெரியாமலே சிலருக்கு நாற்பது வயதுக்கு மேல் இப்படி வரும். காலையும் இரவும் ஒரு மாத்திரை. தூக்கம் கெடக் கூடாது. தனியாக நீச்சலுக்குப் போகக் கூடாது, ஏணி ஏறக் கூடாது.

பவுன் தலையாட்டிக்கொண்டே வந்தாள். நீச்சல் அவளுக்குத் தெரியாது. ஏணியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"வண்டி ஓட்டுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓட்டுவேன்."

"இனிமே வேண்டாம். இன்னொரு தடவை வராம ரெண்டு வருஷம் முழுசாப் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

ஜெகதீசன் சட்டென்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். வலிப்பு என்று டாக்டர் சொன்னபோதுகூட அவன் அப்படிப் பார்க்கவில்லை.

*

பவுனின் அப்பா துரைசாமி கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே மராத்தி பேசும் இந்தப் பக்கம் வந்துவிட்ட குடும்பம். பவுன் பிறந்தது, படித்தது எல்லாம் கட்கியில்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். கம்பெனியில் அவளை பவன் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பவன் என்றால் அங்கே காற்று, ஆண்பிள்ளைப் பெயர். அவள் யாரையும் திருத்தியதில்லை. அது ஒன்றும் மோசமான பெயரில்லை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன பத்தாவது வருஷம், 2013இல், அவள் அந்தச் சின்ன டீசல் வண்டியை வாங்கினாள். வெள்ளை நிறம். பின்பக்கம் மூன்று பேர் நெருக்கி உட்கார வேண்டும். டிக்கியில் இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லை. பார்க்கிறவர்களுக்கு அது ஆபீசுக்குப் போய்வர ஒரு வண்டி, அவ்வளவுதான். ஓட்டியவளுக்குத்தான் தெரியும். நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அதைத் தாண்டியதும் டர்போ விழித்துக்கொண்டு, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு வேகம் வரும். அந்த இடம் எப்போது வரும் என்று தெரிந்து, வளைவுக்கு முன்னாலேயே கியரை மாற்றி, வளைவு முடிகிற இடத்தில் அந்தத் தள்ளலைச் சரியாகப் பிடித்துக்கொள்வதுதான் அவளுடைய சந்தோஷம். அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். தாம்ஹிணி, வரந்தா, பசர்ணி என்று சுற்றிலும் எத்தனை மலைப்பாதை உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவந்து தோசைக்கு ஊற்றுவாள். எவ்வளவு ஓட்டினாலும் வண்டி டீசல் கேட்காது. மெல்ல ஓட்டித்தான் மைலேஜ் வாங்க வேண்டும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அழகாக ஓட்டினாலே அது தானாக வரும் என்பாள். பிரேக்கைத் தேவையில்லாமல் மிதிக்கிறவனுக்கு ரோட்டைப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஒரு முறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேலூர் போனபோது, வீடு இருக்கும் சாங்வியில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பியவள் வழியில் எங்கும் டீசல் போடவில்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஜெகதீசன் நெற்றியில் வேர்வையோடு ஒவ்வொரு பங்க்காக எண்ணிக்கொண்டு வந்தான்.

"பவுனு, போட்டுடலாம். ஆயிரம் கிலோமீட்டர் ஆயிடுச்சு. இன்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

"சும்மா இருங்க. இது போவும்."

போயிற்று. கல்யாண மண்டபத்துக்கு எதிரில் இருந்த பங்க்கில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது அவள் முகத்தில் இருந்த மாதிரியான வெளிச்சத்தை, மகள் சுப்ரஜா பிறந்த அன்றைக்கு மட்டும்தான் பார்த்ததாக ஜெகதீசன் பிறகு சொல்லியிருக்கிறான்.

அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஔந்தில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வருவான். அதையும் முப்பதுக்கு மேல் ஓட்ட மாட்டான். நாலு சக்கரம் என்றால் பயம். "எனக்கு முன்னாடி எவ்ளோ நீளம், பின்னாடி எவ்ளோ நீளம்னு திமாக்ல ஏற மாட்டேங்குது" என்பான்.

*

வண்டியை மறுநாள் சாயங்காலம் சுனில்தான் சாங்விக்கு ஓட்டி வந்தான். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பவுன் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்குள் திரும்பும்போது மூன்றாவது கியரிலேயே வந்தான். எஞ்சின் முக்கிற்று. அவளுக்குப் பல் கூசியது. தூணுக்குப் பக்கத்தில் கோணலாக நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுக்க மேலே வந்தவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கம்பெனி பஸ். காலை ஆறே முக்காலுக்கு சாங்வி முனையில் நிற்கும். நாசிக் பாட்டா, போசரி, மோஷி என்று அவள் தினமும் ஓட்டிய அதே ரோட்டில்தான் போகும். முதல் இரண்டு நாள் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எதிரில் வண்டி வரும்போதெல்லாம் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பஸ்காரர் கியர் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஏதோ அரைவிநாடி முந்திக்கொண்டு மாற்றிவிட்டிருந்தது. இறங்கும்போது கெண்டைச்சதை வலித்தது. மூன்றாவது நாள் பின்வரிசைக்குப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டரி இறங்கிவிடக் கூடாது என்று, மூன்று நாளைக்கு ஒரு முறை கீழே போய் வண்டியை ஸ்டார்ட் செய்வாள். ஓட்டக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று சொல்லவில்லையே. பத்து நிமிஷம் எஞ்சின் ஓடும். டீசல் எஞ்சினின் அந்தக் கடகடப்பு ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். கிளட்சை மிதித்து முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது என்று நின்ற இடத்திலேயே போட்டுப் பார்ப்பாள். எதிரில் சுவர். அதில் யாரோ கரியால் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்திருந்தார்கள். தரைத்தளத்தில் இருக்கும் சாந்தகுமாரி ஒரு நாள் ஜன்னலைத் திறந்து, "பவுனு, புகை உள்ள வருது. எங்கயாச்சும் போறதுன்னா போயேன்" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. பவுன் உடனே எஞ்சினை அணைத்துவிட்டாள். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பத்து மாதம் போயிற்று. மறுபடி எதுவும் வரவில்லை. மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டதாக டாக்டர் வைஜயந்தி சொன்னார். அப்படியானால், என்று பவுன் ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷம்" என்றார் டாக்டர், அவள் முடிப்பதற்குள்.

டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவளுக்குத் தானாக விழிப்பு வந்தது. ஜெகதீசனும் சுப்ரஜாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வரலாம் என்றுதான் கீழே இறங்கினாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் கேட்டைத் திறந்துவிட்டார். திறந்த கேட்டைப் பார்த்துக்கொண்டு அவள் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முதல் கியரைப் போட்டாள்.

ஔந்து, பாஷாண், சாந்தணி சௌக். ரோட்டில் யாரும் இல்லை. பூகாவ் தாண்டியதும் பனி இறங்கியிருந்தது. பிரங்குட் மலைப்பாதையின் முதல் வளைவில் அவள் கை தானாக இரண்டாவது கியருக்குப் போயிற்று. வளைவு முடிகிற இடத்தில் அந்தத் தள்ளல் வந்தது. பத்து மாதம் நின்றுகிடந்த வண்டிக்கு எல்லாம் நினைவிருந்தது. பவுனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஓட்டினாள். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. கீழே பிரங்குட் வந்ததும் திரும்பி மறுபடி ஏறினாள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வந்து வண்டியை அதே இடத்தில், அதே கோணத்தில் நிறுத்தி, மேலே போய் இட்லிக்கு வைத்தாள். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று முழுக்க அவள் வாயில் ஏதோ பாட்டு இருந்தது.

அதற்குப் பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு, சமையலறையில் இரண்டாவது முறை வந்தது. அன்று கம்பெனி லீவு. காபிக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வயது சுப்ரஜாதான் முதலில் ஓடி வந்தாள். அடுப்பை அணைத்தாள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வாயில் எதையும் திணிக்கவில்லை. கையில் இருந்த போனில் நேரம் பார்த்தாள். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. இதையெல்லாம் போன பிப்ரவரியிலேயே வீடியோ பார்த்துக் கற்றுவைத்திருந்தாள். அது பவுனுக்குத் தெரியாது.

நினைவு தெளிந்து படுக்கையில் சாய்ந்திருந்தபோது, மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டர் லகா க்யா உனக்கு, பயந்துட்டியா?" என்று பவுன் கேட்டாள்.

"அப்போ இல்ல. இப்போ ஆகுது" என்றாள் சுப்ரஜா, தனக்குத் தெரிந்த தமிழில்.

பவுன் கடிகாரத்தைப் பார்த்தாள். லீவாக இல்லாமல், இதெல்லாம் நடக்காத பழைய நாளாக இருந்திருந்தால், ஏழு நாற்பதுக்கு அவள் மோஷி ரோட்டில் இருந்திருப்பாள். அங்கே அந்த நேரத்தில் ஒரு ஸ்கூல் பஸ் நிறுத்தம் உண்டு. நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் ரோட்டோரம் வரிசையாக நிற்பார்கள். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. பிரங்குட் மலைப்பாதையில் பனிக்குள் எதிரே வந்த பால்காரரின் பைக் ஞாபகம் வந்தது. அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

மாத்திரையின் அளவைக் கூட்டிய டாக்டர், "இன்னையிலேர்ந்து மறுபடி ரெண்டு வருஷம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி பவுன் அவரிடம் சொல்லவில்லை.

*

"வித்துடலாம்" என்று பவுன் தானாகவே சொன்னாள். மார்ச் மாதம் அது. ஜெகதீசன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இணையத்தில் படம் போட்ட மறுநாளே ஒருவன் வந்தான். விஜய் என்று பெயர். சென்னைப் பையன், ஹிஞ்சேவாடியில் வேலை. இருபத்தெட்டு வயது இருக்கும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரைத் தொட்டுப் பார்த்தான், குனிந்து அடியில் பார்த்தான். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் கேட்கிற விதத்திலேயே பவுனுக்கு அவனும் தன்னைப் போன்ற ஆள்தான் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, ஒரு ரவுண்டு போலாமா?"

அவன் ஓட்டினான். அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள். நவி சாங்வி வழியாக பிம்ப்ளே குரவ் வரை போய்த் திரும்பினார்கள். நன்றாகவே ஓட்டினான். ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் பிரேக்கைத் தேடாமல் கியரைக் குறைத்தான். பாலத்தின் ஏற்றத்தில் அந்தத் தள்ளல் வந்தபோது அவன் உதட்டோரம் சிரிப்பு வந்ததை அவள் பார்த்தாள். சட்டென்று அவன்மேல் ஒரு பொறாமை எழுந்தது. அப்படி ஒரு பொறாமை அவளுக்கு வாழ்க்கையில் வேறு யார்மேலும் வந்ததில்லை.

"இந்த மாதிரி சின்ன டீசல் வண்டிய எல்லாம் கம்பெனிக்காரங்க ஒவ்வொண்ணா நிறுத்திட்டாங்கக்கா. ஒரு வருஷமாத் தேடிட்டு இருக்கேன். கிடைக்கறதெல்லாம் எவனாவது போட்டு அடிச்ச வண்டியா இருக்கு. உங்களுது அப்படி இல்ல. ஓட்டத் தெரிஞ்சவங்க கையில இருந்திருக்கு." கொஞ்சம் தயங்கி, "எதுக்கு விக்கறீங்க?" என்றான்.

"ஒடம்பு சரியில்ல" என்றாள். அவன் மேலே கேட்கவில்லை.

விலை பேசி முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவர பவுன் மேலே வந்தாள். பீரோவைத் திறந்து பைலைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெகதீசன் வாசல் நிலையில் வந்து நின்றான்.

"அந்தப் பையன அனுப்பிடு" என்றான்.

"இன்னா சொல்றீங்க?"

அவன் பர்ஸைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். டிரைவிங் லைசென்ஸ். போன வாரம் தேதி போட்டிருந்தது. போட்டோவில் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்துவைத்த ஆள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தான்.

"எப்போ இது?"

"ஜனவரிலேர்ந்து. காலேஜ் விட்டு வர்ற வழியில ஒரு டிரைவிங் ஸ்கூல். மொதல் தபா டெஸ்ட்ல ஃபெயில் பண்ட்டாங்க. எட்டுப் போடறப்போ கம்பத்து மேல ஏத்திட்டேன்."

பவுன் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அவனும் சிரித்தான். பிறகு அவன் நிறுத்திக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம நீ காடி எடுத்துனு போனத நான் பார்த்தேன்."

அவள் கையில் பைல் அப்படியே இருந்தது.

"கேட் சத்தம் கேட்டு பால்கனிக்கு வந்தேன். நீ அதுக்குள்ள முனை திரும்பிட்டே. போன் பண்ணலாம்னு எடுத்தேன். ஓட்றப்போ போன் அடிச்சா உனக்குப் பதட்டமாயிடுமோன்னு பண்ணல. நீ திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே நின்னுனு இருந்தேன். நீ வந்து எறங்கினே. உன் மூஞ்சப் பார்த்தேன். மூணாவது மாடி வரைக்கும் அந்த சந்தோஷம் தெரிஞ்சுது. அப்புறம் போய்ப் படுத்துக்கினு தூங்கற மாதிரி இருந்துட்டேன். திங்கக்கெழம போய் ஸ்கூல்ல பேரு குடுத்தேன்."

"திட்டியிருக்கலாமே" என்றாள்.

"திட்டியிருந்தா நீ இன்னொரு தபா எனக்குத் தெரியாம போயிருப்பே."

அது உண்மை. அவள் கீழே போய் விஜயிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் முகம் வாடிவிட்டது. மனது மாறினால் தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நம்பரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் போனான்.

*

ஜெகதீசனுக்கு வண்டி வசப்படவில்லை. டிரைவிங் ஸ்கூலின் பெட்ரோல் வண்டியில் கற்றவனுக்கு இந்த டீசலின் கிளட்ச் புரியவில்லை. தினமும் சாயங்காலம் சாங்வி நதியோர ரோட்டில் இருபது நிமிஷம் ஓட்டினார்கள். பவுன் இடது பக்கம் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, எவ்வளவு குறைவாகப் பேச முடியுமோ அவ்வளவு குறைவாகப் பேசினாள். ஒரு ஆட்டோவின் பின்னால் மெல்ல இடித்தான். ஆட்டோக்காரர் இறங்கி வந்து அவன் வயதைப் பார்த்துவிட்டு, "காகா, ஆதி பஸ்னே ஜாயலா சிகா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவரே, முதலில் பஸ்ஸில் போகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மழைக்காலம் முடிவதற்குள் ஹிஞ்சேவாடி வரை போய்வரும் அளவுக்குத் தேறியிருந்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், "தாம்ஹிணி போலாம்" என்று அவனே சொன்னான்.

"வேணாங்க. அங்க உங்களால முடியாது."

"நீ இருக்கியே பக்கத்துல."

சுப்ரஜா டியூஷன் இருக்கிறது என்று வரவில்லை. இருவரும் ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பிரங்குட், பௌட், முல்ஷி. போகும்போது பெரும்பாலும் இறக்கம், வண்டியும் குறைவு. மலை முழுக்கப் பச்சை. பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவன் முப்பதிலேயே போனான். பின்னால் வந்த எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனார்கள். மலையடிவாரத்தில் ஒரு கடையில் வடாபாவும் டீயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பும்போதுதான் ஏற்றம். நாலாவது வளைவில் எதிரே ஒரு டெம்போ பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வர, ஜெகதீசன் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டான். கிளட்சை மிதிக்க மறந்தான். எஞ்சின் அணைந்துபோயிற்று. டெம்போ ஒதுங்கிப் போன பிறகு ஸ்டார்ட் செய்தான், கிளட்சை விட்டான், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை வண்டி ஒரு அடி பின்னால் உருண்டது. பின்னால் சிவப்பு அரசு பஸ் ஒன்று வந்து நின்று, நீளமாக ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இரண்டு கார்கள். இடது பக்கம் சின்னக் கட்டைச் சுவர், அதற்கு அப்பால் பள்ளம்.

ஜெகதீசன் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"பவுனு, என்னால முடியல. நீ வா. நீ எடு."

அவள் திரும்பிப் பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள்.

"இந்த மேடு மட்டும். ரெண்டு நிமிஷம். மேல போனதும் நான் எடுத்துக்கறேன். யாரு பார்க்கப் போறாங்க? வா."

இரண்டு நிமிஷம் என்றான். ஆனால் பவுனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வளைவுதான். ஏற்றம், ஈர ரோடு, வலப்பக்கம் திரும்புகிற வளைவு. முதல் கியரில் எடுத்து, பஸ்ஸுக்கு இடம் விட்டு, வளைவுக்கு நடுவில் இரண்டாவது. எந்த இடத்தில் டர்போ பிடிக்கும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. காலும் கையும் அதைச் செய்து முடித்துவிட்டதுபோலவே இருந்தன. கதவைத் திறந்து இறங்கினாள். அவன் ஸீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கத் தயாரானான்.

"எறங்காதீங்க" என்றாள்.

கட்டைச் சுவர் ஓரம் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தாள். பஸ் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி, "தாம்பா ஜரா" என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அவர் ஹாரனை நிறுத்திவிட்டு பீடியைப் பற்றவைத்தார். பவுன் சுற்றி வந்து டிரைவர் பக்க ஜன்னலில் குனிந்தாள். ஜெகதீசனின் முகம் அவள் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"பெல்ட்டப் போடுங்க. பின்னாடி கல்லு வெச்சிருக்கேன், வண்டி எங்கயும் போவாது. ஸ்டார்ட் பண்ணுங்க."

"நீயே..."

"நான் மாட்டேங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் என்ன இருந்ததோ, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

"மொதல் கியர். இப்போ லேசா ஆக்சிலேட்டர். இன்னும் கொஞ்சம். சத்தம் மாறுது பாருங்க, அங்கயே வெச்சுக்குங்க. இப்போ கிளட்சை விடுங்க, மெதுவா, மெதுவா... வண்டி மூக்கத் தூக்குதா? தெரியுதா? அங்கயே நில்லுங்க. கால ஆட்டாதீங்க. இப்போ ஹேண்ட்பிரேக்க எறக்குங்க."

வண்டி நின்ற இடத்தில் நடுங்கியது. பின்னால் போகவில்லை. முன்னால் ஒரு அங்குலம் நகர்ந்தது.

"போங்க. எங்கயும் நிறுத்தாதீங்க. மேல அந்த வ்யூ பாயின்ட் வரைக்கும் போயிடுங்க. நான் நடந்து வரேன்."

வண்டி அவளைத் தாண்டிப் போயிற்று. பஸ் தொடர்ந்தது, கார்கள் தொடர்ந்தன. ரோட்டில் கிடந்த கல்லை, அடுத்து வருகிறவர்கள் மோதிவிடாமல் ஓரத்துக்கு உருட்டிவிட்டு பவுன் ஏறத் தொடங்கினாள்.

அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வளைவுக்கு அப்பால் வண்டி கண்ணில் படவில்லை, சத்தம் மட்டும் மேலேயிருந்து வந்தது. பஸ்ஸின் உறுமலுக்கு நடுவில் அவளுக்கு அது தனியாகக் கேட்டது. முதல் கியரிலேயே ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போனான். மாத்துங்க, என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். ஒரு சின்ன மௌனம். பிறகு இரண்டாவது. எஞ்சின் தாழ்ந்து, சோம்பி, மெல்ல மேலே எழுந்து, அந்தத் தள்ளல் வந்தது. வந்த கணத்தில் பவுன் நின்றுவிட்டாள். பதினோரு வருஷமாக உள்ளேயிருந்து மட்டுமே கேட்ட சத்தம். வெளியிலிருந்து அது இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கட்டைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அது தேய்ந்து மறைகிற வரைக்கும் கேட்டாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வ்யூ பாயின்ட்டில் ஜெகதீசன் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயம். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் மூச்சு வாங்க வந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"சரியா ஓட்டுனேனா?"

"ரெண்டாவது கொஞ்சம் லேட்டாப் போட்டீங்க."

"அங்கயிருந்து கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"உன்ன எடுக்கச் சொன்னேன் பாரு. எனக்கு அறிவே இல்ல" என்றான்.

"நான் எடுத்திருப்பேங்க" என்றாள் பவுன். "இன்னும் ஒரு வார்த்த நீங்க கேட்டிருந்தா எடுத்திருப்பேன். அதான் சட்டுனு எறங்கிட்டேன்."

அவன் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டான். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, கண்ணாடியைப் பார்த்து, யாரும் வரவில்லை என்று மூன்று முறை உறுதிசெய்துகொண்டு வண்டியை ரோட்டுக்கு எடுத்தான்.

முல்ஷியை நெருங்கினார்கள். ஏரி அவள் பக்கம்தான் வந்தது. மழையில் நிரம்பி, கரை வரைக்கும் தளும்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வெகுதூரம் கூடவே வந்தது. இத்தனை வருஷம் இந்த ரோட்டில் ஓட்டியதில் அவள் அதை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை.

இப்போதும் பார்க்கவில்லை. அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.